பவர் கிரிட்: முன்னால் ஓடாமல் ஜெயிப்பது எப்படி

பவர் கிரிட்டில் முதல் இரண்டு மூன்று ஆட்டம் தோற்றவர்களைக் கேட்டுப் பாருங்கள், அநேகமாக ஒரே கதையைத்தான் சொல்வார்கள். "பாதி ஆட்டம் வரைக்கும் நான்தான் முன்னால் இருந்தேன், அப்புறம் எப்படியோ பணம் பத்தாமல் போய்விட்டது." அந்த "எப்படியோ"வுக்குள் என்ன இருக்கிறது என்பதைத்தான் இங்கே பிரித்துப் பார்க்கப் போகிறேன். இந்த ஆட்டத்தில் முன்னால் இருப்பதற்கு விலை உண்டு, ஒவ்வொரு சுற்றிலும் அதைக் கட்டியாக வேண்டும். அது புரிந்துவிட்டால் மற்றதெல்லாம் கூட்டல் கழித்தல்தான்.

ஆட்டத்தைப் பார்த்திராதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஜெர்மனியைச் சேர்ந்த ஃப்ரீடெமான் ஃப்ரீஸ் உருவாக்கிய பலகை ஆட்டம் இது. 2001இல் ஃபுங்கன்ஷ்லாக் என்ற பெயரில் வந்தபோது மின் கம்பிகளைப் பலகை மேலேயே மெழுகுப் பென்சிலால் வரைய வேண்டியிருந்தது; 2004இல் வந்த பதிப்பில் அதை எடுத்துவிட்டு, இப்போது எல்லாரும் ஆடுகிற வடிவத்துக்குக் கொண்டுவந்தார். 2019இல் ரீசார்ஜ்டு என்று ஒரு பதிப்பு சில மாற்றங்களோடு வந்தது, ஆனால் நான் சொல்லும் எண்கள் 2004 பதிப்பை வைத்து. 2 முதல் 6 பேர் ஆடலாம். பலகையின் ஒரு பக்கம் ஜெர்மனி, மறு பக்கம் அமெரிக்கா. நீங்கள் ஒரு மின்சாரக் கம்பெனி. கடைசிச் சுற்றில் யார் அதிக நகரங்களுக்கு மின்சாரம் கொடுக்கிறாரோ அவர் ஜெயித்தார். இரண்டு பேர் சமமாக வந்தால் கையில் இருக்கும் பணம் தீர்மானிக்கும்.

ஒவ்வொரு சுற்றிலும் ஐந்து வேலை: வரிசை போடுவது, மின் நிலையங்களை ஏலத்தில் எடுப்பது, எரிபொருள் வாங்குவது, நகரங்களில் வீடு வைத்துக் கம்பி இழுப்பது, கடைசியில் மின்சாரம் கொடுத்துக் காசு வாங்கிக்கொண்டு சந்தையை நிரப்புவது. விதியெல்லாம் ஒரு முறை ஆடினால் வந்துவிடும். வரிசை மட்டும்தான் பலருக்கும் பிடிபடுவதில்லை, அதனால் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

அதிக நகரம் வைத்திருப்பவர் வரிசையில் முதல் ஆள். நகரம் சமமாக இருந்தால் யாரிடம் பெரிய எண் கொண்ட மின் நிலையம் இருக்கிறதோ அவர் முன்னால். ஏலம் மட்டும் முதல் ஆளிடமிருந்து தொடங்கும். எரிபொருள் வாங்குவதும் வீடு வைப்பதும் தலைகீழாக, கடைசி ஆளிடமிருந்து. இப்போது முதல் ஆளின் நிலைமையைப் பாருங்கள். சந்தையில் மேல் வரிசையில் நான்கு நிலைய அட்டைகள் ஏலத்துக்கு, கீழே நான்கு வரப்போகிறவை. முதல் ஆள் ஒன்றை ஏலத்துக்கு எடுக்க வேண்டும், இல்லை என்றால் இந்தச் சுற்றில் வேண்டாம் என்று ஒதுங்க வேண்டும். அவர் வாங்கியதும் புது அட்டை ஒன்று வருகிறது, அவர் வாங்கியதை விட நல்லதாக அது இருந்தால் பின்னால் இருப்பவர்களுக்கு யோகம், ஏனென்றால் ஒருவர் ஒரு சுற்றில் ஒரு நிலையம்தான் வாங்க முடியும். மற்ற எல்லாரும் வாங்கியோ ஒதுங்கியோ முடித்துவிட்டால், மிஞ்சுகிற கடைசி ஆள் போட்டியே இல்லாமல் அட்டையில் போட்ட எண்ணையே விலையாகக் கொடுத்து எடுத்துக்கொள்வார். அப்புறம் எரிபொருள் சந்தைக்குப் போனால் மலிவானதை எல்லாம் அந்தக் கடைசி ஆள் அள்ளிவிட்டிருப்பார். நகரங்களிலும் மலிவான இடம் போயிருக்கும். ஒரே சுற்றில் மூன்று இடத்தில் அடி.

அதனால் ஒவ்வொரு வீடு வைக்கும் முன்பும் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி: இந்த வீடு என்னை வரிசையில் எங்கே கொண்டுபோய் நிறுத்துகிறது?

சரி, பின்னால் நின்றால் வருமானம் குறையாதா? குறையும், ஆனால் நீங்கள் நினைக்கும் அளவுக்கு இல்லை. வருமான அட்டையை நன்றாகப் பாருங்கள். ஒரு நகரத்துக்கும் மின்சாரம் கொடுக்காவிட்டாலும் 10 எலெக்ட்ரோ (இந்த ஆட்டத்தின் பணம்) கிடைக்கும். ஒரு நகரத்துக்கு 22, இரண்டுக்கு 33, மூன்றுக்கு 44, நான்குக்கு 54, ஐந்துக்கு 64. அப்படியே போய் 10 நகரத்துக்கு 105, 15க்கு 134, 20க்கு 150. அதாவது முதல் நகரம் 12 கூட்டித் தருகிறது, 5ஆவது 10, 10ஆவது வெறும் 7, 15ஆவது 5, 20ஆவது 2தான்.

வீட்டுச் செலவோ எதிர்த் திசையில் ஏறுகிறது. ஒரு நகரத்தில் முதலில் நுழைபவருக்கு 10, இரண்டாவது ஆளுக்கு 15, மூன்றாவது ஆளுக்கு 20, அதோடு கம்பிச் செலவு தனி. 5ஆவது வீட்டை 10 போட்டு, கம்பிக்கு இன்னொரு 10 போட்டு வைத்தால், சுற்றுக்கு 10 வீதம் இரண்டே சுற்றில் போட்ட காசு திரும்பிவிடும் (எரிபொருளைக் கணக்கில் எடுக்காமல்). 13ஆவது வீட்டை 15 போட்டு, கம்பிக்கு 12 போட்டு வைத்தால் 27, அது சுற்றுக்குத் தருவது 6. ஐந்தாவது சுற்றில்தான் போட்டது திரும்பும், அதற்குள் ஆட்டமே முடிந்திருக்கும். ஆகவே 8, 9 வீடு வரைக்கும் வைப்பது வருமானத்துக்காக, அதற்கு மேல் வைப்பது ஜெயிப்பதற்காக. ஜெயிப்பதற்காக வைக்கிற வீட்டைக் கடைசிச் சுற்றில் வைத்தால் போதும், அதற்கு முன்னால் வைத்தால் வரிசையில் முன்னால் போய் அடி வாங்குவதுதான் மிச்சம்.

முதல் சுற்று

எல்லாருக்கும் 50 எலெக்ட்ரோ. சந்தையில் மேலே 3, 4, 5, 6 எண் நிலையங்கள், கீழே 7, 8, 9, 10. அட்டைக் கட்டின் மேலே 13 என்கிற காற்றாலை. முதல் சுற்றில் எல்லாரும் ஒரு நிலையம் வாங்கியே ஆக வேண்டும், வரிசை மட்டும் சும்மா குலுக்கிப் போட்டது. இங்கே ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். யாராவது ஒருவர் முதல் நிலையத்தை வாங்கியதும் 13 வந்து கீழே உட்காரும், 7 மேலே ஏறும். இரண்டாவது ஒருவர் வாங்கியதும் 8 மேலே ஏறும், கட்டில் மிச்சம் இருப்பதெல்லாம் 10க்கு மேற்பட்ட எண்கள் என்பதால் இது நிச்சயம். 7க்கு மூன்று எண்ணெய், 8க்கு மூன்று நிலக்கரி போட்டால் இரண்டு நகரங்களுக்கு மின்சாரம் வரும். 3, 4, 5, 6 எல்லாம் ஒரு நகரத்துக்குத்தான்.

அதனால் 4ஐப் பிடிக்க 10 வரைக்கும் ஏலத்தை ஏற்றுபவரைப் பார்த்தால் விட்டுக்கொடுத்துவிடுங்கள். பொறுத்திருந்தவருக்கு 8 கிடைக்கும்.

இரண்டையும் ஒப்பிட்டுப் பார்ப்போம். 4ஆம் நிலையத்தை 4க்கு வாங்கி, இரண்டு நிலக்கரி 2க்கு வாங்கி, ஒரு வீடு 10க்கு வைத்தால் கையில் 34, சுற்று முடிவில் 22 வந்து 56. 8ஆம் நிலையத்தை 8க்கு வாங்கினால் உங்கள் எண் பெரிது என்பதால் எரிபொருளுக்குப் பின்னால்தான் போவீர்கள். இரண்டு பேர் முன்பே இரண்டிரண்டு நிலக்கரி எடுத்துவிட்டால் விலை 1இல் இருந்த மூன்றும் காலி, 2இல் ஒன்றும் காலி, உங்களுக்கு 2, 2, 3 என்று 7 ஆகும். இரண்டு வீடு, நடுவில் கம்பிக்கு 5 என்று வைத்தால் 25. கையில் 10 நிற்கும், 33 வந்து 43. பணத்தில் 13 குறைவு, ஆனால் ஒரு வீடு கூடுதல், அடுத்த சுற்றிலும் 11 கூடுதலாக வரும் நிலையம் கையில். இதை நான் 8 பக்கமே சாய்ந்து சொல்கிறேன். ஆனால் 4ஐ வாங்கியவர் செய்யக் கூடாத ஒன்று இருக்கிறது: ஒரு நகரத்துக்கு மட்டும் மின்சாரம் இருக்கும்போது இரண்டாவது வீடும் வைத்துவிடுவது. அந்த இடத்தை வேறு யாரோ பிடித்துவிடுவார் என்ற பயம் இருந்தால் மட்டும் வையுங்கள். இல்லாவிட்டால் இருட்டு வீட்டுக்காக 15 எலெக்ட்ரோவை முடக்கி, வரிசையிலும் முன்னால் போய் நிற்பீர்கள்.

எங்கே தொடங்குவது என்றால், வரைபடத்தில் கம்பிச் செலவைப் பாருங்கள். ஜெர்மனிப் பக்கத்தில் டூயிஸ்பர்க் - எசன் இடையே செலவு 0, ஃபிராங்ஃபர்ட் - வீஸ்பாடன் இடையேயும் 0. அமெரிக்காவில் நியூயார்க் - ஃபிலடெல்ஃபியா 0, அதே நேரம் சால்ட் லேக் சிட்டியிலிருந்து சான் ஃபிரான்சிஸ்கோ போக 27. மலிவான பகுதியில் எல்லாரும் குவிவார்கள், மூன்று கட்டங்களாகப் போகும் ஆட்டத்தின் முதல் கட்டத்தில் ஒரு நகரத்தில் ஒரே ஒரு வீடுதான் வைக்க முடியும் என்பதால் சீக்கிரம் இடம் தீர்ந்துவிடும். அடுத்தவர் நகரத்தைத் தாண்டிப் போகலாம், ஆனால் வழியில் உள்ள கம்பிச் செலவு முழுவதையும் கட்ட வேண்டும். மலிவான பகுதியின் நட்டநடுவை விட அதன் ஓரம்தான் எனக்குப் பிடித்த இடம். உள்பக்கம் இரண்டு மூன்று நகரம் கிடைக்கும், வெளிப்பக்கம் போட்டி இல்லாமல் நீண்டுகொண்டே போகலாம்.

எரிபொருள்

நிலக்கரி, எண்ணெய், குப்பை மூன்றும் 1 முதல் 8 வரை, விலைக்கு மூன்று காய் வீதம் 24 இடம். யுரேனியத்துக்கு மொத்தமே 12 இடம், விலை 16 வரை போகும். தொடக்கத்தில் நிலக்கரி முழுதாக நிரம்பியிருக்கும், எண்ணெய் 3இலிருந்து தொடங்கும், குப்பை 7இலிருந்து, யுரேனியம் 14லும் 16லும் ஒவ்வொன்று, அவ்வளவுதான்.

நிலையம் வாங்கும் முன்னால் அந்த எரிபொருளை வேறு யார் யார் எரிக்கிறார்கள் என்று மேசையைச் சுற்றி ஒரு பார்வை பாருங்கள். நான்கு பேர் ஆடும்போது முதல் கட்டத்தில் சுற்றுக்கு 5 நிலக்கரி, 3 எண்ணெய், 2 குப்பை, 1 யுரேனியம்தான் சந்தைக்குத் திரும்பி வரும். மூன்று பேர் நிலக்கரியில் இருந்து சுற்றுக்கு 8 எரித்தால் விலை தானாக ஏறிக்கொண்டே போகும், அதே நேரம் குப்பையில் தனியாக இருப்பவருக்குச் சுற்றுக்குச் சுற்று மலிவாகும். இரண்டாம் கட்டத்தில் நிலக்கரி 6 வரும், மூன்றாம் கட்டத்தில் 4ஆகக் குறைந்துவிடும், ஆனால் எண்ணெயும் குப்பையும் அப்போதுதான் உச்சத்தில் வரும், 5ம் 4ம். தொடக்கத்தில் மலிவாக இருந்ததே என்று கடைசி வரை நிலக்கரியையே நம்பியவர்கள் முடிவில் திணறுவதற்கு இதுதான் காரணம்.

ஒவ்வொரு நிலையத்திலும் அதற்கு ஒரு சுற்றுக்குத் தேவையானதில் இரண்டு மடங்கு சேர்த்து வைக்கலாம். இது சேமிப்புக்கு மட்டும் இல்லை. யுரேனிய நிலையம் இரண்டு பேரிடம் இருக்கிறது, சந்தையில் யுரேனியம் இரண்டே இரண்டு, 14லும் 16லும். இருவருக்கும் ஒன்று போதும். முதலில் வாங்கும் முறை உங்களுடையது. ஒன்றை 14க்கு வாங்கினால் அடுத்தவர் 16 கொடுத்தாவது எடுத்துக்கொள்வார். இரண்டையும் 30க்கு எடுத்துவிட்டால் அவருடைய நிலையம் இந்தச் சுற்று முழுக்கச் சும்மா நிற்கும், உங்களுக்கோ அடுத்த சுற்றுக்கும் சரக்கு இருக்கிறது. இந்த வாய்ப்பு வரிசையில் பின்னால் இருப்பவருக்குத்தான் வரும் என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. கையில் பணம் இறுக்கமாக இருந்தால் செய்யாதீர்கள், மற்றபடி தயங்க வேண்டாம்.

ஏலத்தில் எவ்வளவு வரை போகலாம்

எண் பெரிதாக இருந்தால் நல்ல நிலையம் என்று இல்லை. 20ஆம் நிலையம் மூன்று நிலக்கரிக்கு ஐந்து நகரம் தரும், 25 இரண்டு நிலக்கரிக்கே ஐந்து தரும். 29க்கு நிலக்கரியோ எண்ணெயோ ஏதாவது ஒன்று, ஒரே ஒரு காய் போதும், நான்கு நகரம். 35 ஒரு எண்ணெயில் ஐந்து நகரம். 13 காற்றாலைக்கு எரிபொருள் வேண்டாம் என்பதைப் பார்த்து மயங்குபவர்கள் நிறைய, ஆனால் அது ஒரு நகரத்துக்குத்தான், மூன்று நிலையங்களுக்கு மேல் வைத்துக்கொள்ள முடியாத ஆட்டத்தில் ஒரு இடத்தை அடைத்துக்கொள்ளும். (இரண்டு பேர் ஆடினால் மட்டும் நான்கு.)

என் கணக்கு இது: இந்த நிலையம் எனக்கு எத்தனை நகரம் கூட்டித் தருகிறது, அத்தனை வீடு வைக்க என்னிடம் பணம் இருக்கிறதா, இன்னும் எத்தனை சுற்று இருக்கும். ஆட்டத்தின் நடுவில், 6 வீட்டிலிருந்து 8 வீட்டுக்குப் போக முடிகிறது என்றால் சுற்றுக்கு 17 கூடுதல். நான்கு சுற்று மிச்சம் இருந்தால் 68. அதிலிருந்து இரண்டு வீட்டின் செலவையும் எரிபொருளையும் கழித்தால் என்ன நிற்கிறதோ அதுதான் நீங்கள் ஏலத்தில் மேலே போகக்கூடிய அளவு. பெரும்பாலும் 10, 12க்கு மேல் நிற்காது. எதிராளி அதைத் தாண்டினால் விட்டுவிடுங்கள், அவர் பணம் போனதும் உங்களுக்கு லாபம்தான். ஆட்டம் முழுக்க ஐந்து, அதிகம் போனால் ஆறு நிலையங்களுக்கு மேல் வாங்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். இடையில் வாங்கித் தூக்கிப்போட்ட ஒவ்வொரு நிலையமும் கடைசியில் வைக்க முடியாமல் போகிற இரண்டு வீடு.

7ஆவது வீடு

3 முதல் 5 பேர் ஆடும்போது யாராவது 7ஆவது வீட்டை வைத்ததும் இரண்டாம் கட்டம் தொடங்கும், எல்லா நகரத்திலும் இரண்டாவது இடம் திறக்கும். ஆனால் அந்தச் சுற்றின் வீடு வைக்கும் வேலை முடிந்த பிறகுதான் திறக்கும். அடுத்த சுற்றில் 7 வைத்தவர் வரிசையில் முதல் ஆள், ஆகவே வீடு வைப்பதில் கடைசி. கதவைத் திறந்தவரே கடைசியாக உள்ளே போக வேண்டும்! அதனால்தான் பழகிய ஆட்டக்காரர்கள் நான்கு பேரும் 5லும் 6லும் நின்றுகொண்டு ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டிருப்பார்கள். இந்த நேரத்தை வீணாக்காதீர்கள், நல்ல நிலையம் வாங்கவும் பணம் சேர்க்கவும் இதுவே சமயம். நீங்கள் ஓரமாக, நீண்டுபோக இடம் உள்ள பக்கத்தில் இருந்தால் இந்தக் காத்திருப்பு உங்களுக்குச் சாதகம். நான்கு பக்கமும் அடைபட்டு 4 வீட்டில் நின்றால் வேறொருவர் 7 வைக்கும் வரை சேமித்துவிட்டு, திறந்த அடுத்த சுற்றில் எல்லாருக்கும் முன்னால் மூன்று நான்கு வீடு சேர்த்து வையுங்கள்.

கடைசிப் பாய்ச்சல்

நான்கு பேர் ஆட்டம் 17 வீட்டில் முடியும், ஐந்து பேர் என்றால் 15, ஆறு பேர் என்றால் 14. என்னுடைய ஆரம்ப ஆட்டங்களில் ஒன்றில் 17 வீடு வைத்து நானே ஆட்டத்தை முடித்தேன், என் நிலையங்கள் 15 நகரத்துக்குத்தான் மின்சாரம் தந்தன, 16 வீடு வைத்து 16க்கும் மின்சாரம் கொடுத்தவர் ஜெயித்தார். எண்ணப்படுவது வீடு அல்ல, மின்சாரம் போகிற வீடு. அன்றிலிருந்து கடைசி மூன்று சுற்றில் ஒரு துண்டுக் காகிதத்தில் எல்லாருடைய நிலையத் திறனையும் கூட்டி எழுதி வைக்கிறேன். பணத்தை மறைத்து ஆடும் மேசையில்கூட ஒவ்வொருவருடைய வருமானமும் எல்லார் கண்ணுக்கும் தெரிவதுதான், கொஞ்சம் கவனித்தால் கையிருப்பையும் கணித்துவிடலாம்.

கணக்கு இப்படிப் போகும். என்னிடம் 12 வீடு, மூன்று நிலையங்கள்: 36 (ஏழு நகரம்), 25 (ஐந்து), 21 (நான்கு). மொத்தம் 16. 12 நகரத்துக்கு மின்சாரம் கொடுத்தால் சுற்றுக்கு 118. கையில் முன்பு ஒன்றும் இல்லை என்றே வைப்போம். ஒரு சுற்று 118 வாங்குகிறேன், அடுத்த சுற்றில் எரிபொருளுக்கு 20 செலவழித்து ஒரு வீடும் வைக்காமல் மறுபடி 118. இப்போது 216. மற்றவர்கள் 14லும் 15லும் இருப்பதால் நான் வரிசையில் கடைசி. ஏலத்தில் இரண்டு எண்ணெய்க்கு ஆறு நகரம் தரும் 40ஆம் நிலையம் எனக்கு 45க்கு வருகிறது, 21ஐத் தூக்கிப் போடுகிறேன், திறன் 18. எரிபொருள் முதலில் வாங்குவது நான்தான், ஐந்து நிலக்கரியும் இரண்டு எண்ணெயும் சுமார் 28. ஐந்து வீடு, கம்பியோடு சேர்த்து வீட்டுக்கு 28 என்றால் 140. கூட்டினால் 213. மூன்று எலெக்ட்ரோ மிச்சம், 17 வீடு, பதினேழுக்கும் மின்சாரம்.

கடைசிச் சுற்றில் யாருக்கும் வருமானம் முக்கியம் இல்லை, சேமிப்பும் சமநிலை வந்தால்தான் உதவும், அதனால் கையில் உள்ளதை முழுசாக இறக்கிவிடலாம். ஆனால் ஒரு எச்சரிக்கை உண்டு. நீங்கள் 17 வைத்த பிறகும் அந்தச் சுற்றில் உங்களுக்குப் பின் வீடு வைக்க வேண்டியவர்கள் வைக்கத்தான் போகிறார்கள். வரிசையில் முதலில் இருப்பவர் எல்லாரும் வைத்து முடித்ததைப் பார்த்துவிட்டு வைப்பார், ஆட்டம் முழுக்க வரிசையால் அடி வாங்கிய அவருக்கு அந்த ஒரு இடத்தில் மட்டும் வரிசை சாதகம். அவரிடம் 15 வீடு, திறன் 19, கையில் 120 என்று உங்கள் காகிதம் சொன்னால் இந்தச் சுற்றில் பாயாதீர்கள். அவர் இன்னும் இரண்டு மூன்று வைத்து உங்களைத் தாண்டிவிடுவார். அவருடைய எரிபொருளில் கை வையுங்கள், அவர் எதை எரிக்கிறாரோ அதை உங்கள் நிலையங்கள் கொள்ளும் மட்டும் வாங்கி நிரப்புங்கள், அவருக்கு மிஞ்சுவது 8 விலையில் இரண்டு மூன்று காயாக இருக்கட்டும். அவர் திறன் 19 ஆனாலும் எரிக்க இருப்பது 12க்குத்தான் என்றாகிவிட்டால், அந்தச் சுற்றிலேயே 17ஆவது வீட்டை வைத்து முடித்துவிடுங்கள்.